வெள்ளியும் வியாழனும் எல்லை மீறவில்லை

லடாக்கில், சீன எல்லையை ஒட்டிய ஏரிப் பகுதியில் காவல் நின்ற நம் படைவீரர்கள், 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரையிலான ஏழு மாதங்களில் அடையாளம் தெரியாத ஒளிப்பொருள்களை 329 முறை பார்த்ததாகப் பதிவு செய்தார்கள். அவற்றில் 155 முறை அந்தப் பொருள் கட்டுப்பாட்டு எல்லைக்கோட்டைத் தாண்டி இந்தியப் பகுதிக்குள் வந்துவிட்டதாகக் கணக்கில் ஏறியது. சீனா அனுப்பும் உளவு விமானம் என்ற ஐயம் படைக்குள் வலுத்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த பறக்கும் தட்டு என்று ஊடகங்கள் பரபரப்பாக்கின. இராணுவம் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உதவியை நாடியது. 2013 ஜூலையில் விடை வெளியே வந்தது. மாலையில் எழுந்து இரவு முழுக்க நின்றது வியாழன். விடியலுக்கு முன்னால் எழுந்தது வெள்ளி.

அதன் பிறகு சில நாட்களுக்கு நாடு சிரித்தது. கோளுக்கும் ட்ரோனுக்கும் வேறுபாடு தெரியாத படை என்று வெளிநாட்டுச் செய்திகளிலும் கேலி வந்தது. அந்தச் சிரிப்பு அநியாயமானது. அதற்காக, இந்த விவகாரத்தில் குற்றமே நடக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. குற்றம் நடந்திருக்கிறது. அதைச் செய்தவன் ஏரிக்கரையில் பனியில் நின்ற சிப்பாய் அல்ல.

அவன் நின்ற இடத்தை முதலில் மனதில் கொள்ள வேண்டும். பாங்காங் ஏரி கடல்மட்டத்துக்கு மேல் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 134 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியில் மூன்றில் ஒரு பங்குதான் நம் வசம். மிச்சம் சீனாவின் பிடியில். காற்றில் ஈரமில்லை, தூசியில்லை, சுற்றுவட்டாரத்தில் ஊர் விளக்கும் இல்லை. அப்படிப்பட்ட இருளில், வெள்ளி உச்ச ஒளியில் இருக்கும் நாட்களில் அதன் வெளிச்சத்திலேயே தரையில் நிழல் விழும். நகரத்துப் புழுதியினூடே வானத்தைப் பார்த்துப் பழகிய கண் அந்த ஒளியைக் கண்டு திகைப்பதில் வியப்பில்லை. சமவெளியில் ஒரு கோள் அடிவானத்தில் மங்கலாகத் தோன்றி, மெல்ல மெல்ல ஒளி கூடி ஏறும். கிழக்கே மலைமுகடு மறைத்திருக்கும் இடத்தில் அப்படியல்ல. முகட்டைத் தாண்டிய கணத்திலேயே முழு ஒளியோடு வெளிப்படும். காற்றின் அலைவில் அது நிறம் மாறும், துடிக்கும். இருட்டில் தனித்து நிற்கும் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வதாகவும் தோன்றும். இது எல்லார் கண்ணுக்கும் உள்ள இயல்பு. பயந்தவனின் கண்ணுக்கு மட்டும் உரியதல்ல.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் கிழக்கு என்றால் சீனா. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், வானத்தில் உள்ளவை யாவும் அங்கே சீனப் பக்கத்தில் எழுந்து இந்தியப் பக்கத்துக்கு வந்து சேரும். சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து மஞ்சள் நிற உருண்டை ஒன்று எழும்பி, சில மணி நேரம் மெதுவாக வானத்தைக் கடந்து மறைகிறது என்றுதான் 2012 நவம்பரில் வந்த செய்திகள் சொல்லின. எந்தக் கோளைப் பற்றியும் இதே வாக்கியத்தை எழுதலாம். அந்தக் குளிர்காலத்தில் வியாழன் ரோகிணி விண்மீனுக்கு அருகில் நின்றது. டிசம்பர் 3ஆம் நாள் பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் மறுபக்கம் வியாழனுமாக நேரெதிரே இருந்தன; ஆண்டில் அது மிகப் பிரகாசமாகத் தெரியும் காலம். வெள்ளியோ, ஜூன் 6ஆம் நாள்தான் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடந்திருந்தது. நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் வடிகட்டிக் கண்ணாடி வழியே அந்தக் கரும்புள்ளியைப் பார்த்தார்கள். அன்று சூரியனைத் தாண்டிய வெள்ளி அடுத்த சில வாரங்களில் விடிவெள்ளியாக மாறி, 2013 தொடக்கத்தில் மறுபடி சூரிய ஒளிக்குள் மறையும் வரை கிழக்கே எழுந்துகொண்டிருந்தது. படையின் பதிவேட்டில் உள்ள ஏழு மாதங்களும் இந்தக் கால எல்லைக்குள் அடங்குகின்றன.

ஆகவே சிப்பாய் இல்லாததைப் பார்க்கவில்லை. இருந்ததைப் பார்த்தான். என்ன என்று தெரியவில்லை, ஆனால் பார்த்தேன் என்று எழுதினான். காவலுக்கு நிற்பவனிடம் நாடு கேட்பது இதைத்தான். நாளைக்குக் கேலி செய்வார்கள் என்று அஞ்சி அவன் எழுதாமல் விடுவானானால், உண்மையாகவே ஒரு ட்ரோன் வரும் இரவில் பதிவேடு வெறுமையாக இருக்கும். பார்த்தவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அந்த வெறுமைக்குத்தான் அடித்தளம் போடுகிறார்கள்.

இனிக் குற்றத்துக்கு வருவோம். தெரியவில்லை என்ற குறிப்பு, அதிகாரப் படிகளில் மேலே ஏறியபோது, எல்லை மீறல் என்ற கணக்காக மாறியது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், எவ்வளவு தொலைவில் என்று தெரியாமல், பொருள்தானா என்றுகூடத் தெரியாமல், அது எல்லைக்கோட்டைத் தாண்டியது என்று எப்படி எழுத முடியும்? கோட்டைத் தாண்டியது என்று சொல்வதற்குத் தொலைவு தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தொலைவை யாரும் அளக்கவில்லை. அளக்க முயன்றபோது கருவி எதுவும் சொல்லவில்லை. ரேடாரை மலை உச்சிக்குக் கொண்டுபோயும் திரையில் ஒன்றும் விழவில்லை என்றும், அதனால் அது உலோகமல்லாத பொருளாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள் என்றும் அன்று செய்தி வந்தது. 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வியாழன் போர்க்கள ரேடாரில் எப்படி விழும்? ரேடார் சொன்ன ‘இல்லை’ என்ற பதிலை, அருகில் எதுவும் இல்லை என்று படித்திருக்க வேண்டும். ரேடாரை ஏமாற்றும் புதுப்பொருள் என்று படித்தார்கள். சந்தேகம் முன்கூட்டியே முடிவாகிவிட்ட இடத்தில் எந்தச் சான்றும் அந்த முடிவுக்கே சாட்சியாகிவிடுகிறது.

விடை கிடைத்த வழி மிக எளியது. வானியலாளர்கள் அந்த ஒளி எந்தத் திசைக்கோணத்தில், எவ்வளவு உயரக்கோணத்தில், எந்நேரத்தில் தெரிகிறது என்று குறிக்கச் சொன்னார்கள். விண்மீன்களை ஒட்டி அதன் இடத்தைக் கணித்தார்கள். கோள்களின் இருப்பிடத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தியது. விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சுமார் 4 நிமிடம் முன்னதாக எழும். மாதத்துக்கு 2 மணி நேரம். அந்தப் பருவத்தில் வியாழனும் ஏறக்குறைய இதே கணக்கில் எழுந்தது. பதிவேட்டின் நேரக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இந்த ஒழுங்கு கண்ணில் பட்டிருக்கும். உளவு பார்க்க அனுப்பப்படும் எந்த விமானமும் நாள்தோறும் 4 நிமிடம் முந்தி வருவதில்லை.

எளிய விளக்கம் கிடைத்துவிட்டால் விவகாரம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழக்கை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1948 ஜனவரி 7ஆம் நாள் பிற்பகல், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள காட்மன் விமானத்தளத்திலிருந்து வானத்தில் வெண்மையான பெரும் உருண்டை ஒன்று தெரிந்தது. அந்த வழியே பறந்துகொண்டிருந்த மஸ்டாங் போர் விமானங்களிடம் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அணித்தலைவர் கேப்டன் தாமஸ் மான்டெல், 25 வயது, நார்மண்டிப் போரில் பறந்து விருது பெற்றவர். மற்றவர்கள் திரும்பிவிட, அவர் மட்டும் மேலே மேலே ஏறினார். விமானத்தில் ஆக்ஸிஜன் இல்லை. 20,000 அடிக்கு மேல் நினைவு தப்பியது. விமானம் சுழன்று விழுந்து நொறுங்கியது.

அவர் துரத்தியது வெள்ளிக் கோள் என்று விமானப்படை விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்துக்குத் துணைநின்ற வானியலாளர் ஆலன் ஹைனெக்கே பின்னாளில் அதைக் கைவிட்டார். வெள்ளி அன்று அந்தத் திசையில் இருந்தது உண்மைதான். ஆனால் பட்டப்பகலில் ஒரு தளத்தையே அண்ணாந்து பார்க்கவைக்கும் அளவுக்கு அது ஒளிரவில்லை. அவர் பெரும்பாலும் துரத்தியது ஸ்கைஹூக் பலூன். அமெரிக்கக் கடற்படை 1947 செப்டம்பரிலிருந்து பறக்கவிட்ட அந்தப் பலூன்கள் முழுதாக விரிந்தால் சுமார் 100 அடி அகலம் இருக்கும். 30 கிலோமீட்டர் உயரம் வரை போகும். மான்டெல்லின் மஸ்டாங் எந்நாளும் எட்ட முடியாத உயரம் அது. அந்தத் திட்டம் அப்போது ரகசியம். கடற்படைக்குத் தெரிந்ததை விமானப்படையின் விசாரணையாளர்கள் அறியவில்லை. துரத்தச் சொன்னவர்களும் அறியவில்லை. தன் நாட்டுப் பலூனைத் துரத்தி, தன் நாட்டின் மௌனத்தால் அந்த இளைஞர் இறந்தார். அந்த மௌனத்தைக் காப்பதுதான் நாட்டுப் பாதுகாப்பு என்று அன்று கருதியவர்களுக்கு அந்த மரணத்தில் பங்கு உண்டு என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

இரண்டு வழக்குகளிலும் ஒரே விடை: வெள்ளி. லடாக்கில் அது அளந்து பெற்ற விடை. கென்டக்கியில் அது வாயை அடைக்கச் சொன்ன விடை. சாதாரணமான விளக்கம் என்பதாலேயே ஒரு விளக்கம் நேர்மையானது ஆகிவிடாது. அதற்கும் சான்று வேண்டும். அசாதாரணமான விளக்கத்துக்குக் கேட்கும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். ராஸ்வெல்லில் நடந்ததும் இந்தக் கண்டிப்பு இல்லாததன் பலன். 1947 ஜூலையில், நியூ மெக்ஸிகோவில் கிடைத்த சிதைவுகளைப் பறக்கும் தட்டு என்று இராணுவத் தளமே அறிவித்தது. உடனே மாற்றி, வானிலை பலூன் என்றது. அவை சோவியத் அணுகுண்டுச் சோதனையின் ஓசையை மேல்வளியில் கேட்பதற்காக அனுப்பப்பட்ட மொகுல் திட்டப் பலூன்களின் சிதைவுகள் என்று அமெரிக்க விமானப்படை விளக்கமாக எழுதி வெளியிட்டது 1994இல். இடைப்பட்ட 47 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே அரசின் சொல்லை நம்பக்கூடாது என்று கற்றுக்கொண்டது. இன்றும் அங்கே வேற்றுக்கிரகத்துப் பிணங்கள் கிடைத்ததாக நம்புபவர்கள் இருக்கிறார்கள் என்றால், அந்த நம்பிக்கையை விதைத்ததில் பாதிப் பொறுப்பு அரைகுறை உண்மை சொன்ன அதிகாரிகளுடையது.

இந்த இடத்தில் நம் இராணுவத்துக்கு உரிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். லடாக்கில் அது பொய்யான விளக்கம் எதையும் ஊர் வாயில் போடவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டது. சீருடை அணிந்தவர்கள் தொலைநோக்கி வைத்திருப்பவர்களிடம் போய், எங்களுக்குப் புரியவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பது எந்த நாட்டிலும் எளிதில் நடப்பதில்லை. அந்தக் கேள்வி கேட்கப்பட்டதால்தான் 155 கற்பனை ஊடுருவல்களும் ஒரு முடிவுக்கு வந்தன.

வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது வீண் அச்சமல்ல. 1960 அக்டோபர் 5ஆம் நாள், கிரீன்லாந்தின் தூலேயில் புதிதாக இயங்கத் தொடங்கியிருந்த அமெரிக்க ஏவுகணை எச்சரிக்கை ரேடார், சோவியத் ஏவுகணைகள் வருவதாக அபாய அறிவிப்பை எழுப்பியது. நார்வே பக்கம் எழுந்துகொண்டிருந்த சந்திரனில் அதன் அலைகள் பட்டுத் திரும்பியதே காரணம். அந்த நாட்களில் சோவியத் தலைவர் குருஷேவ் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தார். தலைவர் அங்கே இருக்கும்போது அவர்கள் குண்டு வீசுவார்களா என்ற கேள்வி அதிகாரிகளை நிதானிக்க வைத்தது. சந்திரனை எதிரி என்று கருவி சொன்ன நேரத்தில், உலகத்தைக் காத்தது ஒரு தலைவரின் பயண நிரலும் சிலரின் நிதானமும்.

லடாக் எல்லையில் இரு பக்கமும் அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள். கோள்களை எண்ணிய பதிவு முடிந்து இரண்டு மாதத்துக்குள், 2013 ஏப்ரல் 15ஆம் நாள், தெப்சாங் சமவெளியில் சீனப் படையினர் கூடாரம் அடித்தார்கள். மூன்று வாரம் நகரவில்லை. அது உண்மையான ஊடுருவல். அந்த வேளையில் டெல்லியின் மேசைமேல், சீனப் பொருள்கள் ஏழு மாதத்தில் 155 முறை எல்லை தாண்டின என்று நம்பத்தக்க ஒரு கணக்கும் இருந்தது. யாராவது ஒரு தளபதி, யாராவது ஓர் அமைச்சர், பொறுத்தது போதும் என்று முடிவெடுக்க அந்த எண் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். 2020 ஜூன் 15ஆம் நாள் இரவு கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அந்த எல்லையில் கோபத்துக்கு என்ன விலை என்று அதன் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவேதான் சொல்கிறோம்: அறியாததை அண்டை நாட்டின் குற்றமாக எழுதிவைப்பது கவனக்குறைவு அல்ல, அறப்பிழை. போருக்கான காரணங்களைச் சேர்த்துவைக்கும் ஏட்டில் பொய்யான ஒரு வரி எழுதினாலும், அந்த வரிக்கான கடனை அடைக்கப்போவது எழுதியவர் அல்ல, முன்னணியில் நிற்பவன்.

ஊடகங்களும் இதிலிருந்து தப்ப முடியாது. 2012இல் வேற்றுக்கிரகவாசி என்று பரபரப்பாக்கிய அதே ஊடகங்கள்தாம் 2013இல் கோளுக்குப் பயந்த படை என்று சிரித்தன. இரண்டு முறையும் வானத்தைப் பற்றி ஒரு வரி சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த மாதத்தில் எந்தக் கோள் எங்கே தெரியும் என்று கேட்டிருந்தால் எந்தக் கோளரங்கத்திலும் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இந்தக் குறையில் நமக்கும் பங்கு உண்டு.

நமக்கு இந்த அறிவு அயலானதும் அல்ல. திருப்பாவையின் 13ஆம் பாசுரத்தில் பெண்களை எழுப்ப வரும் ஆண்டாள், விடிந்ததற்குச் சாட்சியாகக் காட்டுவது இதே இரண்டு கோள்களைத்தான்: வெள்ளியின் எழுச்சியையும் வியாழனின் மறைவையும். மு. இராகவையங்கார் அந்தக் குறிப்பைக் கொண்டு ஆண்டாளின் காலத்தையே கணிக்க முயன்றார். மார்கழிதோறும் அந்தப் பாசுரம் பாடும் வீடுகளில் எத்தனை பேர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறோம்? விடிவெள்ளியைப் பார்த்து ஏற்றம் இறைக்கப் போன தலைமுறை போய்விட்டது. அதன் இடத்தில் வேறொரு கல்வியை நாம் வைக்கவில்லை. லடாக் புதிரை அவிழ்த்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வேர், 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட மதராஸ் வானாய்வகத்தில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874இல் நிகழவிருந்த வெள்ளிக் கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்கி நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். வானியலாளர் மக்களிடம் பேச வேண்டும் என்று அவர் அன்றே அறிந்திருந்தார். கொடைக்கானலும் காவலூரும் அதே மரபின் கிளைகள். பாங்காங்கிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், 4,500 மீட்டர் உயரத்தில், ஹான்லேயில் 2 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியோடு அந்த நிறுவனத்தின் வானாய்வகமும் இருக்கிறது. அறிவு அவ்வளவு அருகில் இருந்தும் அது ஒரு காவல்சாவடிக்கு வந்து சேர ஏழு மாதப் பதிவேடு தேவைப்பட்டது. இது எந்தச் சிப்பாயின் தோல்வியும் அல்ல. அவனுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்து, அவன் தலைக்கு மேலே இருப்பதைக் கற்றுக்கொடுக்காத அமைப்பின் தோல்வி.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. உயரமான எல்லைச் சாவடிகளுக்குப் போகும் ஒவ்வோர் அணிக்கும் அந்தந்த மாதத்து வானத்தை ஓர் இரவு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். கோள்கள் எழும் நேரமும் மறையும் நேரமும் அச்சடித்த அட்டையைப் பதிவேட்டோடு இணைத்து வைக்கலாம். திசைக்கோணமும் உயரக்கோணமும் இல்லாத எந்தப் பதிவையும் எல்லை மீறலாகக் கணக்கிடக் கூடாது என்று ஆணையிடலாம். ஹான்லேயில் உள்ளவர்களோடு பேச ஒரு தொலைபேசி எண்ணைச் சாவடிச் சுவரில் எழுதிவைக்கலாம்.

அதோடு, அந்த 155 பதிவுகள் திருத்தப்பட வேண்டும். கோள் என்று அறியப்பட்ட ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே அதன் பெயரை எழுதி, ஊடுருவல் கணக்கிலிருந்து அதை வெளிப்படையாக நீக்க வேண்டும். தெப்சாங்கில் கூடாரம் அடித்தீர்கள் என்று பெய்ஜிங்கின் பிரதிநிதிகளிடம் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டு இருக்கும் கோப்பில் வியாழனின் பெயரில் ஒரு குற்றச்சாட்டும் கிடக்கக் கூடாது.